கருப்பணன் கழற்றாத மாலை

செம்பட்டிப் பக்கம் கனகாம்பரம் போட்டுத் திண்டுக்கல் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்த கருப்பணனை ஊர் பெரிய பக்திமான் என்று நம்பியது. ஐப்பசி பிறந்தால் கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் காவி வேட்டி, சஷ்டிக்குப் பழனிக்கு நடைப்பயணம். மாலை போட்டவனை யாரும் திட்டக்கூடாது. அவனும் கல்யாணம் காட்சி என்று பேசக்கூடாது. இந்த வழக்கத்தின் அருமை கருப்பணனுக்குத் தெரிந்த அளவு முருகனுக்கே தெரியாது.

விவகாரம் மகள் சின்னக்கண்ணு. தங்கை ஒச்சாயிக்கும் ஒரு பையன், மனைவி மாயக்காளின் அண்ணன் முனியப்பனுக்கும் ஒரு பையன். இருவருமே முறை மாப்பிள்ளைகள். தங்கை கேட்டபோது, "உனக்கு இல்லாமலா?" என்றார். மைத்துனர் கேட்டபோதும் அதையே சொன்னார். இரண்டு தரப்பும் தீபாவளிக்குப் பலகாரத்தோடு வந்து முடிவு கேட்கும். கருப்பணன் மாலையைத் தொட்டுக் காட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் கார்த்திகை அடைமழை, மார்கழி ஆகாத மாதம், தையில் பூவுக்கு நல்ல விலை. இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் மாயக்காளும் மாலை போட்டுக்கொண்டாள்.

"ஏ புள்ள, உனக்கு எதுக்கு மாலை?"

"புள்ளைங்காதீங்க. சாமின்னு சொல்லுங்க."

"சரி சாமி. பசிக்குது."

"இந்தச் சாமிக்குந்தான் பசிக்குது. அடுப்பப் பத்தவைங்க சாமி."

பத்துப் பன்னிரண்டு பேர் நடந்தார்கள். முன்னால் போன குருசாமி அழகர் வழியெல்லாம் அரோகரா போட்டார். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மழை. சேற்றில் கால் வழுக்க, மாயக்காள் புருஷனை ஒட்டி வந்தாள்.

"சாமி, மாலையோட பொய் சொல்லக் கூடாதுல்ல?"

"கூடாது சாமி."

"அப்பச் சொல்லுங்க. சின்னக்கண்ண எங்கண்ணன் மகனுக்குக் குடுப்பீகளா, மாட்டீகளா? அவனத்தான் கட்டுவேன்னு அவளே சொல்லிட்டா. எங்க மதினி இந்தத் தையோட வெளியில பொண்ணு பாக்கப் போறா."

கருப்பணன் உதட்டின் மேல் விரலை வைத்தார். அந்த நிமிஷமே மௌன விரதம் தொடங்கிவிட்டதாம்.

ஆயக்குடியில் முனியப்பன் குத்தகைக்கு எடுத்திருந்த கொய்யாத் தோப்பில் இளைப்பாறினார்கள். முனியப்பன் கூடை நிறையப் பழம் கொண்டுவந்து வைத்தார். "நாளைக்கு வெத்தல பாக்கோட அடிவாரத்துல நிக்கிறனுங்க மாப்ள. மாலையைக் கழட்டிட்டு எறங்குங்க, பேசி முடிச்சுரலாம்." கருப்பணன் இன்னொரு கொய்யாவை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் மலைமேல் தரிசனம் முடிந்து எல்லாரும் மாலையைக் கழற்றினார்கள். கருப்பணன் மட்டும் கழற்றவில்லை. விரதம் கலைந்து வாய் திறந்தது. "தைப்பூசத்துக்கும் நடந்து வாரேன்னு வேண்டியிருக்கேன். அதுவரைக்கும் கழட்ட முடியாது."

மாயக்காள் கழற்றிய தன் மாலையை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள்.

அடிவாரத்தில் முனியப்பன் புது வேட்டியில் தாம்பூலத் தட்டோடு நின்றார். கருப்பணன் கைகூப்பினார். "மாலையோட சம்பந்தம் பேசக் கூடாதே மச்சான்!"

"நெசந்தான்," என்றாள் மாயக்காள். "அவரு சாமி. சாமிக்கு வீடு ஏது, மக ஏது? நான் கழட்டிட்டேன். அண்ணே, தட்டை இங்கிட்டு நீட்டு."

"என்னது! பொம்பளை தட்டு மாத்துறதா?" என்றார் கருப்பணன்.

"சாமி," என்றார் அழகர், "கல்யாணப் பேச்சு நீங்க பேசக் கூடாதுல்ல?"

கருப்பணனின் கை கழுத்துக்குப் போனது. கழற்றினால் பேசலாம். பேசினால் தங்கை பையனா, மைத்துனர் பையனா என்று ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். கை மாலையைப் பிடித்தது, உருட்டியது, பிறகு தானாக இறங்கிவிட்டது. அத்தனை பேர் சாட்சியாகத் தட்டு கைமாறியது.

தைப்பூசம் கழித்துக் கல்யாணம். ஒச்சாயி மண்ணை வாரித் தூற்ற வந்து நின்றாள்.

"நான் எங்க தாயி குடுத்தேன்? மாலையில இருந்தவன் நானு. உன் மதினியப் போய்க் கேளு," என்றார் கருப்பணன்.

மதினியும் நாத்தனாரும் பொழுது சாயும்வரை சண்டை போட்டார்கள். கருப்பணன் பூப்பறிக்கப் போய்விட்டார். சொன்ன சொல் தவறியவர் என்று அவரை இன்றுவரை இரண்டு தரப்பிலும் யாரும் சொன்னதில்லை.