வண்டிக்குள் போன சாயத் தண்ணீர்

பிள்ளைகளே, நான் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவன். சேலைக் கட்டு ஏற்றவும் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பழைய இரட்டைச் சிலிண்டர் பைக். சிலிண்டர் இரண்டும் காற்றைச் சமமாக இழுக்காததால், நிற்கும்போதே உதறியது.

இழுப்பை அளக்க முள் மீட்டர் வாங்கச் சொன்னார் மெக்கானிக். நானோ வீடியோ பார்த்து, வளைத்த டியூபின் இரு முனைகளையும் இரண்டு சிலிண்டரின் காற்றுக் குழாய்களிலும் செருகினேன்; இழுப்பு அதிகமான பக்கம் டியூபில் மட்டம் ஏறும். வீடியோவில் ஊற்றிய எண்ணெய்க்குப் பதில், மட்டம் பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றினேன். நாளெல்லாம் சேலைகளைச் சாயத்தில் முக்கியெடுத்த அசதியில் டியூபைக் குட்டையாக வெட்டியிருந்தேன்.

வண்டியைக் கிளப்பியதும் மகள் கத்தினாள்: “அப்பா, தண்ணி அம்புட்டும் உள்ள போகுது!”

இஞ்சின் திணறி நின்றது. பதறி மறுபடி கிளப்பப் போனேன். அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மெக்கானிக் வந்து பிளக்கைக் கழற்றினார். சிவப்பாக வழிந்தது.

“இன்னொருக்கா சுத்தியிருந்தா, தண்ணி அமுங்காம, உள்ள பிஸ்டன் கம்பி வளைஞ்சு இஞ்சினே போயிருக்கும்ணே. சேலை பத்தலைன்னு வண்டிக்கும் சாயம் போட்டீகளாக்கும்!”

இப்போது முள் மீட்டர்தான் மாட்டுகிறேன். அசதியான நாளில், உதறுகிற வண்டி உதறட்டும் என்று படுத்துவிடுகிறேன்.