கடற்கரைப் பக்கத்துக் கால்

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியைச் சொன்னவர் கோலால் பந்தடிக்கும் பில்லியர்ட்ஸ் மேசை வைத்துத் தொழில் செய்தவராக இருக்க முடியாது. ஆலங்குடாவில் உள்ள என் கடையில் ஒரே மேசைதான். மணலின் மேல் போட்ட சீமெந்துத் தரை இறங்கி, கடற்கரைப் பக்கத்துக் கால் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. ஊர் ஆட்களும் வரவேண்டும், வெளியாட்களும் வரவேண்டும். ஒரு கூட்டம் வராமல் நின்றாலும் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். கடை நடத்தும் அன்பர்களே, இந்தக் கவலை உங்களுக்குத் தெரியாததா?

மேசைக்கு அயன்

கடலிலிருந்து ஈரக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேசையின் பச்சைத் துணி ஈரம் குடித்துவிடும். பந்து பாதி வழியில் களைத்து நிற்கும். முந்தலிலிருந்து வந்த இறால் பண்ணைக்காரர் ஒருவர் இரண்டு தரம் அடித்துப் பார்த்தார், கோலை வைத்தார், போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் துணிக்கு இளஞ்சூட்டில் அயன் பண்ணத் தொடங்கினேன். பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருநாள் காலையிலும் அயன் பெட்டியோடு புறப்பட்ட என்னை மனைவி மறித்தாள். "மேசைக்கு நல்லா உடுப்பாட்டுறீங்க. நீங்க இந்தக் கசங்கின சட்டையோடயா பள்ளிக்குத் தொழப் போறீங்க?"

நேராக அடித்தவர்

மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும், ஊருக்கே அண்ணனான ரியாஸ் நானா குழியைப் பார்த்து அடிக்கமாட்டார். அரைச் சாண் தள்ளி அடிப்பார்; பந்து சரிவில் வளைந்து தானாகக் குழிக்குள் விழும். நுரைச்சோலையில் மின்சார வேலை பார்க்கும் செல்வன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவன் கோணம் பார்த்து நேராக அடித்தான், எல்லாம் தவறியது.

"அண்ணை, உந்த மேசையில கணக்கு வேலை செய்யாது" என்றான் என்னிடம்.

ரியாஸ் நானாவுக்குச் சிரிப்பு. "தம்பி, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதெண்டு பாத்துத்தானே வள்ளத்த விடணும்."

ரசமட்டம்

அடுத்த வாரம் செல்வன் ரசமட்டத்தோடு வந்தான். மேசையில் வைத்ததும் குமிழி ஒரு பக்கமாக ஓடியது. இதைச் சரிசெய்யாவிட்டால் தன் கூட்டாளிகள் வரமாட்டார்கள் என்றான். நான் பயந்துபோய்க் காலுக்கடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தேன்.

மேசை மட்டமானது, ரியாஸ் நானாவும் நண்பர்களும் தொட்டதெல்லாம் தவறியது. நாலு நாள் ஒருவரையும் காணவில்லை. மனம் கேளாமல் கரையில் அவர்கள் வலை வைக்கும் மீன் வாடிக்கே போனேன். வலையிலிருந்து முகத்தை எடுக்காமலே நானா சொன்னார்: "ரெண்டு வருஷமா அந்த மேசைய மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தோம். ஒரு பலகத் துண்டால எங்கள ஒண்டும் தெரியாத ஆக்களாக்கிட்டீங்களே."

பூவா தலையா

யோசித்து ஒரு சட்டம் போட்டேன். பலகை சுவரில் ஆணியில் தொங்கும். நாணயம் சுண்டி வெல்பவர் அதை வைப்பதா வேண்டாமா என்று சொல்லலாம். இரண்டு கூட்டமும் ஒத்துக்கொண்டு திரும்பி வந்தன. எனக்கு உயிர் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கடை நிறைந்திருந்தது. நானா நாணயத்தில் வென்று "பலக வேணாம்" என்றார். ஆனால் செல்வன் நேராக அடிக்கவில்லை. அரைச் சாண் தள்ளி அடித்தான். பந்து வளைந்து போய் விழுந்தது. ஒன்றல்ல, கடைசிக் கறுப்புப் பந்து வரைக்கும். வேலைக்குப் போகுமுன் காலையில் தனியாக வந்து, பலகையில்லாமல் அவன் பழகியது எனக்கு மட்டும்தான் தெரியும். கடையே ஆரவாரித்தது, நானும் கைதட்டினேன்.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் இறங்கி, மேசைக் காலை எட்டிப் பார்த்தார். அங்கே பலகை இல்லை. எழும்பிச் செல்வனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவன் கரண்ட் வேலக்காரனில்ல. நாளைக்கே வள்ளத்துல ஏத்திரலாம்."

இத்தனை வருடத்தில் தோற்றவர்கள் எல்லாரும் என் மேசைக்கடியில் குனிந்து பார்த்திருக்கிறார்கள், வென்றவர் ஒருவர்கூடக் குனிந்ததில்லை.