கருகிய சோளனுக்கு அம்பாள் தந்த நான்கு நாட்கள்

அன்று திங்கட்கிழமை. மே மாதம் முடியப்போகிற நேரம். குளிர்ச்சட்டைகளையெல்லாம் தோய்த்து மடித்து வைத்துவிட்டோம். அப்படியான ஒரு காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் சோளன் தோட்டம் முழுவதும் கருகிக் கிடந்தது. இரவு உறைபனி விழுந்திருந்தது. முதல்நாள் நான்கு இலையோடு நிமிர்ந்து நின்ற கன்றுகள், கொதிநீர் ஊற்றிய கீரைபோலத் துவண்டு மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. என் கணவர் பரம் தோட்டத்து ஓரத்தில் குந்திவிட்டார். அழவும் இல்லை, கதைக்கவும் இல்லை. அந்த மௌனத்துக்குத்தான் நான் பயந்தேன்.

எங்கள் அம்பாள் கோயில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிற சகோதரங்களுக்கு அவருடைய கதை கொஞ்சம் தெரியும். ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர். போரில் இரண்டு தம்பிமாரைப் பறிகொடுத்தவர். கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்து ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவினார். வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்தபடி இருப்பார். கேட்டதற்கு ‘ஓம்’, ‘இல்லை’ மட்டும்தான் பதில். வைத்தியர் தந்த குளிசைகள் நித்திரையைத் தந்தன, பேச்சைத் தரவில்லை.

பிறகுதான் நகரத்துக்கு வெளியே ஒரு மணித்தியால ஓட்டத்தில் நான்கு ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. லூக் என்ற கியூபெக் விவசாயியின் நிலம். அந்த மண்ணில் கால் வைத்த அன்றே பரம் ஒரு காகத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினார். மூன்று வருடத்தில் அவர் சேர்த்துப் பேசிய அதிகமான வார்த்தைகள் அவைதான். நான் எங்கள் வான் வண்டிக்குள் இருந்து கண்ணீர் விட்டேன்.

ஆனால் காலநிலை எங்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. முதல் வருடம் சோளப் பொத்தி நூல் விடுகிற நேரத்தில் மழை இல்லை. பல்லுப்போன வாய்போல இடைவெளி விட்டு மணி பிடித்தது. அடுத்த வருடம் வசந்தம் முந்தி வந்து வெயில் எறித்தது. அதை நம்பி எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டோம். அதைத்தான் பனி கொண்டுபோனது. “இந்த முறையும் சரிவராவிட்டால் நிலத்தை நானே எடுத்து மாட்டுக்குப் புல் போடப் போகிறேன்” என்று லூக் முன்பே சொல்லியிருந்தார்.

பரம் எழும்பினார்.

“லூக்கிட்டச் சொல்லிப்போட்டு வாறன். ட்ரக்டரைக் கொண்டுவந்து பிரட்டட்டும்.”

“இஞ்சேருங்கோ, கொஞ்சம் பொறுங்கோவன்.”

“செத்ததை வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கேலாது. நீர் வானுக்குள்ள இரும்.”

அவர் தெருவழியே நடந்து போனார். முதுகு வளைந்திருந்தது. திரும்பவும் அந்த நிலக்கீழ் அறைக்குள் இறங்குகிற மனிதரைப் பார்ப்பதுபோல இருந்தது.

எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. கைப்பையில் கோயிலுக்கு வாங்கிய கற்பூரம் இருந்தது. ஒரு தட்டைக் கல்லில் வைத்துக் கொளுத்தினேன். “தாயே, சோளன் போனாப் போகட்டும். என்ர மனுசனை மட்டும் திருப்பி எடுத்துப் போடாத. ஒரு வழி காட்டு” என்று வாய்விட்டுக் கத்தினேன். காற்றில்லாத காலை. கரும்புகை நேராக மேலே போனது.

அந்தப் புகையைக் கண்டு பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். என்னுடைய வயதுதான் இருக்கும். பெயர் தெரேஸ். ஒரு வருடமாக ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியிருக்கிறோம், ஒரு சொல் கதைத்ததில்லை. தையல் தொழிற்சாலையில் பழகிய அரைகுறைப் பிரெஞ்சில் நடந்ததைச் சொன்னேன்.

அவர் ஒரு கன்றை வேரோடு கிளப்பினார். பொக்கற்றிலிருந்து கத்தியை எடுத்துத் தண்டை நெடுக்காகப் பிளந்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். மண்ணுக்குள் இருந்த பகுதியில் அரிசிமணி அளவில் ஒரு குருத்து. வெள்ளையாக, இறுக்கமாக இருந்தது.

“இந்த வயதில் சோளத்தின் உயிர் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. இலைதான் செத்தது. உழ வேண்டாம். நான்கு நாள் பொறுங்கள்” என்றார்.

அதற்குள் ட்ரக்டர் வந்துவிட்டது. பரம் அதன் பின்னால் நடந்து வந்தார். தெரேஸ் கையை அகல விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றார். லூக்கும் அவரும் பிரெஞ்சில் பலமாக வாக்குவாதப்பட்டார்கள். எனக்குப் பாதி விளங்கவில்லை. கடைசியில் லூக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“சரி, வெள்ளி வரைக்கும்” என்றார்.

அந்த நான்கு நாளும் நான் ஒருநேரச் சாப்பாடு. செவ்வாய் வெயில். புதன் சிறுமழை. வியாழன் நல்ல சூடு. வெள்ளிக்கிழமை விடிய வானை விட்டிறங்கி ஓடினோம். கருகிய இலைகளுக்கு நடுவே ஈர்க்குப்போல ஒரு பச்சை. அடுத்ததிலும் பச்சை. வரிசை வரிசையாகப் பச்சை. பரம் மண்ணில் முழங்கால் போட்டு, “இஞ்ச பாரும், இஞ்ச பாரும்” என்று ஒவ்வொரு கன்றாகக் காட்டிக்கொண்டே போனார். நான் “அம்மாளாச்சி” என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

எல்லாம் பிழைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். பள்ளமான பக்கத்தில் குருத்தே அழுகிப்போய்விட்டது. அந்த இடத்துக்குத் தெரேஸ் தன்னிடமிருந்த, கெதியாக, குறைந்த நாளில் விளைகிற விதையைத் தந்தார். “என் அப்பா காலத்தில் ஒரு கிழமைக்குள் எல்லாம் விதைப்பார்கள். இப்போது வசந்தம் பொய் சொல்கிறது. அதனால் நான் மூன்று தடவையாகப் பிரித்து விதைக்கிறேன்” என்றார்.

அன்றிலிருந்து நாங்களும் அப்படித்தான். கலண்டரைப் பார்ப்பதில்லை, காலையில் மண்ணுக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்து விதைக்கிறோம். இரண்டு வகை விதை. பள்ளத்தில் சோளன் இல்லை, பனிக்காலம் முழுதாகப் போன பிறகு போஞ்சிச் செடிதான். வரிசைகளுக்கு நடுவே வைக்கோல் பரப்பி ஈரத்தைக் காக்கிறோம். அடுத்த வருடம் கடும் வறட்சி வந்தது. நடு விதைப்பு மட்டும் பழுதாகியது. முந்தியதும் பிந்தியதும் தப்பின. ஜான்-டலோன் சந்தையில் பரம் பிரெஞ்சும் தமிழும் கலந்து கூவி விற்கிறார். வீட்டுக்கு வந்தும் வாய் ஓய்வதில்லை. சிலவேளை நானே, “கொஞ்சம் சும்மா இருங்கோவன்” என்று சொல்லிவிட்டு, உடனே அம்பாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

புகையைக் கண்டு ஒருவர் வந்தது தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். காற்றில்லாத அந்தக் காலையை எனக்குத் தந்தவள் யார் என்று எனக்குத் தெரியும்.

சகோதரங்களே, உங்களுக்கும் எல்லாம் முடிந்ததுபோலத் தெரிகிற ஒரு நாள் வரலாம். தாயை வாய்விட்டுக் கூப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள். கூப்பிட்ட பிறகு கண்ணைத் திறந்து, யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அவர் வேறு மொழி கதைப்பார், நெற்றியில் திருநீறு இருக்காது. இருந்தாலும் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவள்தான் அனுப்பியிருப்பாள்.