வரிசையில் கடைசி ஆள்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன், அந்த மாதிரிப் பேச்சுக்குத் தலையாட்டினால் படித்த படிப்புக்கே கேவலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மூடநம்பிக்கையைப் பற்றி நானே பேசியிருக்கிறேன், நாலு பேர் கைதட்டியும் இருக்கிறார்கள். இப்போது சொல்லப்போவது காலை வெயிலில், முப்பது பேர் விழித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, கோடியக்காட்டுச் சரணாலயத்தில் எட்டு மாதம் தற்காலிகக் காவலராக இருந்தேன். எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். அப்பா குத்தகைக்குச் செய்துவந்த ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், வழக்கில் கிடந்தது. உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்துவிட்டது என்று மேடைக்கு மேடை சொன்னார்களே, அதை நம்பி அப்பா மனு கொடுத்தார். அந்தப் போகம் அறுத்ததோடு சரி, அடுத்த போகத்துக்கு வயலில் இறங்கக் கூடாது என்று மிராசுதார் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது என் வேலையை நம்பித்தான்.

காவலர் இடம் ஒன்று நிரந்தரமாகப் போகிறது என்று பேச்சு வந்தது. தற்காலிகமாக இருந்ததோ இரண்டு பேர், நானும் முருகையன் அண்ணனும். அவர் கோடியக்கரைக்காரர், புயலில் படகைப் பறிகொடுத்தவர், மூன்று பிள்ளைகள். இடம் ஒன்று, ஆள் இரண்டு. அப்படியிருந்தும் அவர் என்னிடம் முகம் கோணியதில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'எஸ்.எஸ்.எல்.சி' என்று கூப்பிடுவார், அவ்வளவுதான்.

அந்த மாசியில் வெளிமான் கணக்கெடுப்பு வந்தது. காட்டுக்குக் குறுக்கே ஆட்களை வரிசையாக நிறுத்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் தெற்கே கடற்கரை வரை நடக்க வேண்டும், அவரவர் கண்ணில் படும் மானை எழுத வேண்டும். ஒருவர் முந்தினாலோ விலகினாலோ கணக்கு கெட்டுவிடும் என்பதால் பக்கத்து ஆளுக்கு விசில் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். வரிசையின் வலது கோடி எனக்கு. மணல்மேட்டின் முதுகோடு போகும் ஒற்றையடிப் பாதை, கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும், இரண்டு பக்கமும் சூரை முள், குறுக்கே பாலை மரத்து வேர். மேட்டுக்கு வலப்பக்கம் சரிந்தால் சேற்றுவெளிதான், அங்கே ஆள் கிடையாது. எனக்கு இடப்பக்கம் முருகையன் அண்ணன்.

புறப்படும்போது ரேஞ்சர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார்: "வரிசைய விட்டு நகந்தவன் நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

விசில் பத்தவில்லை. கடைசி இரண்டு பேருக்கு இல்லாமல் போனது. அப்போது நான் எங்கள் தெரு வழக்கத்தை முருகையன் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நிலத் தகராறு நடந்த வருடம் விளைந்த கதிரை மிராசுதார் ஆட்கள் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் தெருவே வரப்புக்கு வரப்பு காவல் இருந்தது. ஒருவர் நீளமாக ஒரு 'ஓ' கொடுப்பார், அடுத்த வரப்பில் இருப்பவர் சின்னதாக இரண்டு 'ஓ' திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். வராவிட்டால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, ஓட வேண்டும். அப்படி ஓடிப்போய்த்தான் ஒரு தடவை மண்டை உடைந்து வாய்க்காலில் கிடந்த என் சித்தப்பாவைத் தூக்கினோம்.

நடக்க ஆரம்பித்துக் கால் மணி ஆகியிருக்கும். இடப்பக்கமிருந்து முருகையன் அண்ணனின் நீள 'ஓ' வந்தது. நான் இரண்டு கொடுத்தேன். கொடுத்து வாயை மூடவில்லை, வலப்பக்கமிருந்து இரண்டு 'ஓ' வந்தது.

எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிரொலிக்க அங்கே மலையா இருக்கிறது, தட்டையான சேறு. குரலும் என் குரல் இல்லை, கொஞ்சம் கரகரத்த ஆம்பளைக் குரல். சரி, ரேஞ்சர் கடைசி நேரத்தில் அந்தப் பக்கமும் ஒரு ஆளைப் போட்டிருக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் தெரு வழக்கம் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவே இல்லை, இதை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், தோன்றவில்லை, அவ்வளவுதான். அடுத்த தடவை நானே வலப்பக்கம் ஒரு 'ஓ' கொடுத்தேன். இரண்டு வந்தது. இப்படியே ஆறேழு தடவை. இடையில் ஒரு கூட்டம் மான் வந்தது, பதினொன்று, எழுதிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு தடவை கொடுத்தேன், பதில் வரவில்லை. இன்னொன்று கொடுத்தேன். இல்லை.

ரேஞ்சர் சொன்னது காதில் இருந்தது. அப்பாவின் முகமும் கண் முன்னால் வந்தது. இருந்தும் கால் கேட்கவில்லை, மேட்டைவிட்டு இறங்கிவிட்டேன். முள் சட்டையைக் கிழித்தது. கீழே போனால் சேற்றுவெளி, மேலே காய்ந்து ஏடு ஏடாக வெடித்திருந்தது, ஒரு கால் தடம் இல்லை. தூரத்தில் காட்டுக் குதிரை நாலு நின்றன. நான் கூப்பிடவில்லை, மூச்சு வாங்கியதில் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. திரும்ப மேட்டில் ஏற முள் விடாததால் சேற்றோரமாகவே சுற்றிக்கொண்டு, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"எங்கேர்ந்துய்யா வர்ற?" என்றார் ரேஞ்சர்.

நான் பதில் சொல்வதற்குள் முருகையன் அண்ணன் சொல்லிவிட்டார்: "கடைசி வரைக்கும் எங்கூடத்தான் வந்தாங்கய்யா. ஒவ்வொரு தடவையும் பதில் குடுத்தாப்ல."

ஒரே ஒரு இடம், அதை எனக்காக விட்டுக்கொடுத்துப் பொய் சொல்கிறாரே என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. நடுவில் இறங்கிவிட்டேன், வலப்பக்கத்து ஆள் பதில் கொடுக்கவில்லை, அதனால் போனேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஒனக்கு வலப்பக்கம் ஏதுய்யா ஆளு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முருகையன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. அடுத்த மாதம் அவருக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா ஒன்றுதான் கேட்டார். "பதில் வரலன்னதும் போனியா?"

"போனேன்."

"அப்ப சரி."

இப்போது நெல் கொள்முதல் நிலையத்தில் பருவத்துக்குப் பருவம் பட்டியல் எழுதுகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை. கணக்கெடுப்பு நடந்து ஒரு வருடம் கழித்து, போன பங்குனியில், வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் முருகையன் அண்ணனைப் பார்த்தேன். காக்கியில் இருந்தார், இளைத்திருந்தார். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன், அன்றைக்கு எனக்காகப் பொய் சொன்னீர்களே அண்ணே, அதை நான் மறக்க மாட்டேன் என்று.

"ஒனக்காக நான் எதுக்குப்பா பொய் சொல்லணும்? மூணு புள்ள பெத்தவன். அந்த வேலை எனக்கும்தானே வேணும்?"

"அப்ப?"

"நீ பதில் குடுத்துக்கிட்டுத்தான் வந்த. கடைசி வரைக்கும். மேட்டு மேலேருந்து, ஒன் குரல்தான். எறங்கிப் போயிட்டேன்னு நீ சொன்னப்ப, இவன் எதுக்கு இப்படிச் சொல்றான்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல."

பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டம், வெயில், மீன்கூடைக்காரர்கள் ஏறுவதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரே மறுபடி பேசினார். "இந்த வருஷக் கணக்கெடுப்புல மேட்டுப் பாதை எனக்கு. நான்தான் கடைசி ஆளு. கால் மணி நடந்திருப்பேன், சேத்துப் பக்கத்துலேர்ந்து நீளமா ஒரு 'ஓ' வந்துச்சு. ஒன் குரல்."

கணக்கெடுப்பு நடந்த நாளைக் கேட்டேன். அன்றைக்கு முழுக்க நான் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன், என் கையெழுத்துப் போட்ட பட்டியல் இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும்ப்பா," என்றார். "நீ அங்க இல்லன்னு தெரியும்."

"நீங்க பதில் குடுத்தீங்களா?"

நாகப்பட்டினம் பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"குடுக்காம எப்படிப்பா? ஒன் குரலாச்சே."