கறுப்பாக வரைந்த முகம்

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் முதன்முதலாக அமர்ந்த இந்தியர்களுள் ஒருவருக்கு, அமீரகத்தில் ராஸ் அல் கைமாவிலுள்ள எங்கள் தமிழ்ச் சங்கம் குடியரசு நாளன்று படம் திறக்க முடிவு செய்தது. வரையும் பொறுப்பை, டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அறந்தாங்கிக்காரர் ஒருவருக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மங்கிய புகைப்பட நகலொன்றைத் தந்து, அந்தப் பெரியவரை அந்நாட்டுப் பிரதமரே கறுப்பர் என்று இகழ்ந்த கதையையும் கண்கலங்கச் சொன்னேன். அவர் உண்மையில் வெளுத்த நிறத்தவர் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் கதையின் உருக்கம் குறையும் என்று எண்ணினேன் போலும்.

நான்கு விடுமுறை நாள்கள் அறந்தாங்கிக்காரர் தொழிலாளர் கேம்ப் அறையில் குந்தி வரைந்தார். கூலி கேட்கவில்லை. விழாவில் படத்தருகே நின்று ஒரு போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டும்; அதுவே அவர் ஆசை.

படத்தைச் சங்கத் தலைவரிடம் கொண்டு சென்றோம். வெண்தாடி, கூர்ந்த கண்கள், கன்னங்கரிய முகம். கருவறைக் கருங்கல்லைத் தொழுதே பழகிய என் கண்ணுக்கு அதில் குறை தெரியவில்லை.

தலைவர் சிரித்தார். "என்னய்யா, கேம்ப் ஆளுக்குக் கோட்டு மாட்டி விட்ட மாதிரி இருக்கு?"

"வெள்ளைக்காரங்களே கறுப்பர்னு திட்டுனாங்கன்னு ஐயா சொன்னாங்க சார்," என்றார் அறந்தாங்கிக்காரர், என்னைக் காட்டி.

"சீஃப் கெஸ்ட்டே வெள்ளைக்காரர்தான். அவரை இதுக்கா மாலை போடச் சொல்றது?" அலைபேசியில் பழைய வண்ண ஓவியமொன்றைக் காட்டினார். "பாரு, எலுமிச்சம்பழமாட்டம் இருக்கார். இதையே பிரிண்ட் போட்டுக்கறேன், கலாஸ், முடிஞ்சுது. அப்புறம், விழா ஃபேமிலிக்கு மட்டும்தான். கேம்ப் ஆளுங்க வேணாம்."

நிறத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் அவருக்கு வேண்டியது மெய்யான முகம் அன்று. தம் விருந்தாளி முகஞ்சுளிக்காத முகம்.

விழாவன்று அதே தலைவர், நிறத்துக்காக அப்பெரியவர் பட்ட அவமானத்தைக் குரல் தழுதழுக்கப் பேசினார். மண்டபம் கைதட்டியது. கடவுள் வாழ்த்துப் பாடியவன் நான். மறுத்திருக்கலாம். மறுக்காமல், அடியாருக்குள் உயர்வு தாழ்வில்லை என்னும் பாடலை ராகம் பிசகாமல் பாடினேன். இறைவன் பெயர் நாவில் இருக்கையிலேயே வாய் கசந்தது.

மறுவாரம் கேம்புக்குப் போனேன். படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"அவரு நெசமாவே செவப்பா ஐயா?"

"ஆமாம்."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்று தலையசைத்தேன். அவர் கோபப்படவில்லை. பழைய துணியால் படத்தைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"நீங்களே கொண்டு போயிருங்க. ரூம்ல எடமில்ல."