மஞ்சள் டேப் ஒட்டிய படி

பிஸ்கட் கம்பெனியில் நான் பாதுகாப்பு அதிகாரி. கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கும். ஹெல்மெட் போடு, கையுறை போடு, ஓடாதே என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவதுதான் வேலை. எனக்கு 'ஜாக்கிரதை சார்' என்று பட்டப்பெயர். யாருக்காவது சின்னக் கீறல் விழுந்தால்கூட மெஷினை நிறுத்தி, எல்லோரையும் நிற்கவைத்து வகுப்பெடுத்துவிடுவேன். என் பிரிவில்தான் காயங்கள் குறைவு என்று போன வருடம் மேனேஜர் கைகுலுக்கினார். அந்தக் கையை வீட்டுக்கு வந்து மனைவியிடமும் காட்டினேன்.

விடுமுறைக்கு ஓர் ஏரிக்கரையில் வீடு எடுத்துத் தங்கினோம். போய் இறங்கியதும் மற்றவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். நான் பின்வாசல் படிகளைப் பார்த்தேன். கடைசிப் படி மட்டும் உயரம் குறைவு. பையிலிருந்து மஞ்சள் கறுப்பு டேப்பை எடுத்து அதன் விளிம்பில் ஒட்டினேன்.

"லீவுக்கு வந்த இடத்துலயுமா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாராவது விழுந்தா தெரியும்" என்றேன்.

மறுநாள் காலை எங்கள் எட்டு வயது மகள் விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். படிக்குக் கீழே உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அழவில்லை.

"எப்படி விழுந்தே?"

"ஓடி வந்தேன்ப்பா. கால் தடுக்கிடுச்சு."

ஓடி வந்தாளாம்! எனக்கு அது போதாதா? வாரப் பத்திரிகை ஒன்றை மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, மனைவியின் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டே, படியில் ஏன் ஓடக்கூடாது என்று ஆரம்பித்தேன். காரிலும் ஓயவில்லை. கிளினிக்கில் பக்கத்தில் காத்திருந்தவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

டாக்டர் அம்மா துப்பட்டாவை அவிழ்த்தார், அவிழ்த்தார், அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

"யாருங்க கட்டினது?"

"நான்தான். முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கேன்."

"அதானே பார்த்தேன். உள்ள கை இருக்கான்னே சந்தேகம் வந்துடுச்சு."

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வெறும் சுளுக்கு. பேண்டேஜ் சுற்றி, கழுத்திலிருந்து ஒரு துணியில் கையைத் தொங்கவிட்டார். மகள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாயங்காலம் படகுல போலாமா?"

"கையை ஆட்டாம உக்காந்து போறதா இருந்தா போலாம்" என்றார் டாக்டர்.

"பாக்கலாம்" என்றேன் நான். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் கிடையாது என்று அர்த்தம். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அவசரத்தில் படியடியிலேயே விட்டுப் போயிருந்த அவள் செருப்பை எடுத்தேன். அடியில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி டேப் பனியில் நனைந்து, படியிலிருந்து பிய்ந்து சுருண்டிருந்தது. யாரும் விழக்கூடாது என்று ஒட்டியவன் சாட்சாத் நான்தான்.

செருப்பை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுல தடுக்கித்தானே விழுந்தே? ஏன் சொல்லல?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "சொல்லுடி" என்றாள் அம்மா.

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க. வருத்தப்பட்டா இன்னும் நிறைய பேசுவீங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. கம்பெனியில் அடுப்புப் பகுதியில் வேலை செய்பவர் ஒருநாள், சுட்டுக்கொண்ட கையைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் எனக்கு சல்யூட் வைத்தது நினைவுக்கு வந்தது. என் பிரிவில் குறைந்தது காயமா, அதை என்னிடம் சொல்வதா? கம்பெனி கிடக்கட்டும். நாளைக்கு இவளுக்குப் பெரிதாக ஏதாவது ஆனாலும் என்னிடம் சொல்லமாட்டாளே!

"தப்பு என் மேலதான் குட்டி. நாம படகுக்குப் போலாம்."

"போலாமா, பாக்கலாமா?"

"போலாம்."

படகு நடு ஏரிக்குப் போனது. ஆட்டம் கண்ட பலகை, உள்ளே தேங்கிய தண்ணீர், துருப்பிடித்த ஆணி எல்லாமே என் கண்ணில்தான் பட்டன. வாயைத் திறக்கவில்லை. அருகில் உட்கார்ந்திருந்த மகள் என் மேல் சாய்ந்தாள்.

"அப்பா, கை வலிக்குது."

தொண்டை வரை வந்துவிட்ட வகுப்பை அப்படியே விழுங்கினேன். "ரொம்பவா? திரும்பிடலாமா?"

"வேணாம்ப்பா. கொஞ்சம்தான். சும்மா உங்ககிட்ட சொன்னேன்."