கையால் மிதித்த பெடல்

கிட்டார் கடையில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் உள்ள அத்தனை பாட்டுக்கும் முதல் வரி தெரியும். இரண்டாவது வரியை எந்த வாடிக்கையாளரும் வாசித்துக் காட்டியதில்லை. துணிக்கடையில் மடித்த புடவையையே மறுபடி மடித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும், செருப்புக்கடையில் இன்னொரு காலைத் தேடியே முதுகு ஒடிந்த சகோதரர்களுக்கும் என் வருத்தம் புரியும். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு வாத்தியக் கடையில் கிட்டார் மூலை என் பொறுப்பில் இருந்தது. மர்பி டவுனில் வீடு, நடந்தே போய்விடலாம். மீதிக் கடை முழுக்க வீணை, ஆர்மோனியம், தபேலா. முதலாளி மஞ்சண்ணா கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். பில் போடும் ஸ்டெல்லா அக்கா எந்த மொழியிலும் நன்றாகத் திட்டுவார்.

சரஸ்வதியும் என் செருப்பும்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்க வருகிறவர்கள் வாவா பெடல் கேட்கிறார்கள் என்று மஞ்சண்ணாவை நச்சரித்து இரண்டு வரவழைத்தேன். ஒன்று கறுப்பு, இரும்பு, தூக்கினால் கை இறங்கும். இன்னொன்று நீலம், பிளாஸ்டிக், குழந்தைகூடத் தூக்கலாம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: இது தரையில் கிடக்கும் சாமான். ஸ்கூட்டர் பிரேக்கை மிதிப்பது போல மிதித்து, முன்னும் பின்னும் ஆட்டினால் கிட்டாரின் சத்தம் வாயைத் திறந்து மூடுவது மாதிரி 'உவா, உவா' என்று வரும். காலுக்காகவே செய்த பொருள்.

வந்த அன்றே கறுப்புப் பெடலை இணைத்து அதன் மேல் கால் வைத்தேன். வீணைப் பக்கம் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்த மஞ்சண்ணா, ஊதுபத்தியோடு ஓடி வந்தார். கடைக்குள் எந்த வாத்தியத்தின் மேலும் கால் படக்கூடாது என்பது அவர் அப்பா காலத்துச் சட்டமாம். விற்க வேண்டிய முறையையும், விற்காவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் சொன்ன அத்திபெலே குடோன் என்பது ஓசூர் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே கிட்டார் கிடையாது, பேச்சுத் துணை கிடையாது, தபேலாத் தோலைக் கடிக்கும் எலிகள் மட்டும் உண்டு.

"சரஸ்வதி மேல கால் வெக்கறியா தாஸ்? கைலயே அமுக்கிக் காட்டு, சாக்கு, அது போதும். ஆயுத பூஜைக்குள்ள ரெண்டும் போகலேன்னா கிட்டார் எல்லாம் பரண் மேல, நீ அத்திபெலே குடோன்ல."

அமுக்க ஆள்

அப்படியாக, வாடிக்கையாளர் நின்றுகொண்டு கிட்டார் வாசிக்க, நான் அவர் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பெடலை அமுக்கும் வழக்கம் ஆரம்பமானது. தூரத்திலிருந்து பார்த்தால் நான் அவருக்குக் கால் பிடித்துவிடுவது போல இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் மாட்டியவர் சிவா. திருச்செங்கோட்டுக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, பொம்மனஹள்ளியில் ரூம். கறுப்பா நீலமா என்று அரை நாள் யோசித்தார். எது சூடாகும், எது சூடாகாது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் கீழே உட்கார்ந்து உயிரைக் கொடுத்து அமுக்கினேன். சத்தம் தேனாக வந்தது. கறுப்பை வாங்கிக்கொண்டு போனார். மஞ்சண்ணாவே எனக்கு டீ வரவழைத்தார்.

மறுநாள் காலை சிவா பெடலோடு திரும்பி வந்து நின்றார். கடையில் வந்த சத்தம் வீட்டில் வரவில்லையாம். மஞ்சண்ணா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, காலால் மிதிக்க வேண்டும் சார் என்று காதோடு காதாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முந்தின நாள் அவ்வளவு பாடுபட்டவன் இப்போது ஏதோ சாக்குச் சொல்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். பெடலைக் கவுண்டரில் வைத்துவிட்டார்.

"ரூம்மேட்டை உக்கார வெச்சுப் பாத்தேனுங்க, அவனுக்கு டைமிங்கே வரல. நீங்க சனி ஞாயிறு பொம்மனஹள்ளிப் பக்கம் வருவீங்களா?"

அழாத பீஸ்

அடுத்து ஒரு புதுமணத் தம்பதி. கல்யாணத்தில் வந்த பரிசுப் பணத்தில் பெடல் வாங்குவது என்று கணவர் முடிவு செய்திருந்தார். அந்த முடிவு மனைவிக்குக் கடை வாசலில்தான் தெரிந்தது. கணவர் வாசிக்க, நான் அமுக்க, மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். கறுப்பு அழுதது. நீலம் கொஞ்சம் மூக்கால் அழுதது. இரண்டில் எது பிடித்திருக்கிறது என்று கணவர் கேட்டார்; பெண் பார்த்த நாளில்கூட அவர் முகத்தில் அவ்வளவு கவலை இருந்திருக்காது.

மனைவி எழுந்து இரண்டையும் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"எங்க மேல் வீட்டுக் குழந்தையே ராத்திரி பூரா அழுவுதுங்க. அழாத பீஸா இருந்தா காட்டுங்களேன்."

மிதிக்கு ஒரு கும்பிடு

பூஜை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் தெருவிலேயே இருந்த பாஸ்கரிடம் போய்க் கெஞ்சினேன். கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பவர். காலால் மிதிக்காமல் பெடல் பார்க்க மாட்டேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். நான் மஞ்சண்ணாவிடம் வந்து மன்றாடினேன். செருப்பை வெளியே விட்டு, கால் கழுவி, ஒவ்வொரு தடவை மிதித்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதானால் சரி என்று மஞ்சண்ணா இறங்கி வந்தார். புத்தகத்தில் கால் பட்டால் நாமெல்லாம் செய்வதுதானே என்று எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பாஸ்கர் கால் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு மிதி, ஒரு குனிவு, ஒரு கும்பிடு. நிமிர்ந்து அடுத்த சுரத்தைப் பிடிப்பதற்குள் முந்தின சுரம் செத்துப்போயிருந்தது. வேகமான பாட்டு ஒன்றை எடுத்தார். கிட்டார் வாரில் தொங்கி முட்டியில் இடிக்க, அவர் குனிவதும் நிமிர்வதுமாக இருந்ததை ஸ்டெல்லா அக்கா பில் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்தார். நீலம் பாஸ்கருக்குப் பிடித்திருந்தது, பையில் அடங்கும் என்றார். ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

"பெடல் நல்லாத்தான்டா கீது தாஸு. பாட்டு முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன்."

பிரேக் வாதம்

பூஜைக்கு முந்தின நாள் மஞ்சண்ணா தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஸ்கூட்டருக்கு நாளைக்குப் பூஜை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். பூஜை செய்கிற வண்டியின் பிரேக்கைத் தினமும் மிதிக்கிறீர்களே, ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கித் தொட்டுக் கும்பிடுகிறீர்களா என்று கேட்டேன். துடைத்த துணி அவர் கையில் அப்படியே நின்றது. மிதிப்பதற்கென்றே செய்த பொருளை மிதிப்பதுதான் அதற்கு மரியாதை, ஆகவே பெடல் என்பது வாத்தியக் கணக்கில் வராது, வண்டிக் கணக்கில் வரும் என்று முடித்தேன். வக்கீலுக்குப் படிக்காமல் போனோமே என்று என்மேல் எனக்கே பெருமையாக இருந்தது.

மஞ்சண்ணா தலையாட்டியபோது, ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் சொன்னதன் இரண்டாவது பாதியை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

"நிஜா, இது வண்டிதான், இனிமே காலாலயே மிதிக்கலாம். ஆனா வண்டின்னா வண்டிக்கு உள்ள பூஜை பூரா செய்யணும்."

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை காலை. மா இலை கட்டியாயிற்று, பொரி கடலை வந்தாயிற்று, வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. காலால் மிதிக்கலாம் என்று நான் சொல்லி அனுப்பியதும் பாஸ்கர் ஓடி வந்து, ஒரே ஒரு பாட்டு வாசித்து, நீலத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஒன்று ஒழிந்தது. கறுப்பு மட்டும் பாக்கி. மதியத்துக்கு மேல் வந்து பார்ப்பதாகச் சிவாவும் போனில் சொல்லியிருந்தார். அத்திபெலே என் கண்ணிலிருந்து மறைய ஆரம்பித்தது.

அப்போது மஞ்சண்ணா சந்தனம், குங்குமத்தோடு வந்து கறுப்புப் பெடலுக்குப் பொட்டு வைத்தார். வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்களே, அந்த எலுமிச்சம்பழத்தை மிதிகட்டைக்கு அடியில் செருகினார். வேண்டாம் சார் என்று சொல்ல வாய் எடுத்தேன். வண்டி என்று வாதாடியவனே நான்தான். எந்த முகத்தோடு சொல்வது? மிதி என்றார். மிதித்தேன். பழம் நசுங்கி, சாறும் கொட்டையும் பெடலின் வயிற்றுக்குள் இறங்கின. அவசரத்தில் கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் சாய்த்துவிட்டு, கறுப்புப் பெடலுக்குப் போகும் ஒயரைப் பிடுங்க மறந்திருந்தேன். மஞ்சண்ணா கற்பூரத் தட்டைச் சுற்றவும், ஸ்பீக்கர் சத்தம் திரும்பக் கம்பியில் ஏறி, யாரும் தொடாத கிட்டார் ஊளையிட ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. அந்த ஊளை எலுமிச்சைச் சாறு ஊறிய பெடல் வழியாக வந்து, கரகரவென்று இருமி, 'உவாஆஆ' என்று கடை முழுக்க நிறைந்தது. வீணைத் தந்திகள்கூட அதிர்ந்தன. ஸ்டெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் போய் ஸ்விட்சை அணைத்தேன். பெடல் போச்சு, வேலையும் போச்சு, இனி எலிகளோடுதான் பேச்சு என்று அழுகை முட்டியது. மஞ்சண்ணா தட்டோடு அசையாமல் நின்றார். கண்ணில் தண்ணீர். மதியம் சிவா வந்தால் என்ன சொல்வது சார் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பெடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சும்னெ இரு தாஸ், சரஸ்வதி அம்மா பேசினது கேக்கலியா? இத விக்கறது பேடா, வேணாம், இங்கயே இருக்கட்டும். பூஜை ஆன எடத்தை மாத்தக்கூடாது, கிட்டாரும் இங்கயே, பாத்துக்க நீயும் இங்கயே."

நான் அந்தக் கடையில் இருந்த காலம் வரைக்கும் விலை போகாமலே நின்ற சரக்கு அந்தப் பெடலும் நானும்தான், வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சண்ணா இரண்டுக்கும் தவறாமல் பொட்டு வைத்தார்.